அணுக்களின் இடமறிந்த அறிஞர்

இலையைக் கண்ணால் காண்கிறோம். இலையினுள் இருக்கும் நுண்ணறைகளை ஒளி நுண்ணோக்கியின் துணையால் காண்கிறோம். அந்நுண்ணறைக்குள் இயங்கும் புரத மூலக்கூற்றையும், அம்மூலக்கூற்றில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையையும் காண விரும்பினால் ஒளி நமக்கு உதவாது. ஒளி ஓர் அலை. தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளின் உருவை அதனால் பிரித்துக் காட்ட இயலாது. ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிக் கூறுகளாக்கினால், அவற்றுள் ஒன்றிரண்டு கூறுகளின் அளவே அடுத்தடுத்துப் பிணைந்த அணுக்களின் இடைவெளி. ஆங்கிலத்தில் இக்கூறு ஒன்றை ஆங்ஸ்ட்ராம் என்பர்.

இந்நுண்ணுலகுக்கு இருபதாம் நூற்றாண்டில் இரண்டு வாயில்கள் திறந்தன. ஒன்று எக்ஸ் கதிர். மற்றொன்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி. அவ்விரண்டு வாயில்களிலும் தம் பெயரைப் பொறித்துச் சென்றவர் ஒரு தமிழர். சென்னையில் கிண்டிக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சாலையோரத்தில், பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகள் பணியாற்றிய அவர்தாம் ஜி. என். இராமச்சந்திரன்.

இராமச்சந்திரனின் முன்னோர் ஊர் திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரம். அவர் பிறந்தது 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் நாள், அந்நாளைய கொச்சி அரசைச் சார்ந்த எர்ணாகுளத்தில். தந்தையார் நாராயண ஐயர் அவ்வூர் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். தாயார் இலட்சுமி அம்மாள். தந்தையிடம் வடிவ கணிதம் பயின்ற மைந்தருக்கு, எந்தப் பொருளையும் கோணங்களாகவும் நீளங்களாகவும் பிரித்து எண்ணிப் பார்க்கும் வழக்கம் இளமையிலேயே அமைந்துவிட்டது. பின்னாளில் அவர் செய்த பெருஞ்செயல்கள் அனைத்திற்கும் அவ்வழக்கமே வித்து எனலாம்.

திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1942 இல் பட்டம் பெற்ற அவர், பெங்களூரிலுள்ள இந்திய அறிவியல் நிலையத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே இயற்பியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் சர் சி. வி. இராமன். இளைஞரின் கூர்த்த அறிவைக் கண்டுகொண்ட இராமன், அவரை மின்பொறியியலிலிருந்து மீட்டுத் தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். அன்று அது நேராதிருந்தால் நாடு ஒரு நல்ல மின்பொறியாளரைப் பெற்றிருக்கும். ஆனால் பெற்றதைவிட இழந்தது மிகுதியாக இருந்திருக்கும்.

இராமச்சந்திரன் 1947 முதல் 1949 வரை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் உஸ்டர் என்னும் அறிஞரின்கீழ் ஆய்வு செய்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள் புதுமையானது. படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கின்றன என்று நூல்கள் கூறும். ஆயினும் அவை அசையாமல் நிற்பதில்லை. வெப்பத்தால் ஒவ்வோர் அணுவும் தன் இடத்திலேயே ஓயாது நடுங்கிக்கொண்டிருக்கிறது. அந்நடுக்கத்தால், படிகத்தின்மேல் படும் எக்ஸ் கதிர்களுள் ஒரு பகுதி கூரிய புள்ளிகளாக விழாமல் மங்கிப் பரவி விழும். பிறர் குறை என்று ஒதுக்கும் அம்மங்கலை அளந்து, அதிலிருந்தே படிகத்தின் மீள்தன்மையைக் கணக்கிட்டார் இராமச்சந்திரன். வெப்பம் அணுக்களை நடுங்கச் செய்யும் என்பதையும், அந்நடுக்கம் உருவை மங்கச் செய்யும் என்பதையும் நாம் பின்னரும் காணப்போகிறோம்.

தாயகம் திரும்பியபின் பெங்களூரில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். பல்கலைக்கழகத்தில் புதிதாக இயற்பியல் துறை ஒன்றை நிறுவ விரும்பிய அவர், அதன் தலைமைக்கு முதலில் இராமனை நாடினார். இராமன் தமக்குப் பதிலாகத் தம் மாணவரின் பெயரைச் சுட்டினார். இவ்வாறு 1952 இல், முப்பது வயதளவில், இராமச்சந்திரன் கிண்டிக்கு வந்து சேர்ந்தார். ஆய்வுக்கூடமோ புதியது, கருவிகளோ சில. எதை ஆராய்வது என்னும் வினாவும் அவர்முன் நின்றது.

அவ்வாண்டிலேயே பெர்னால் என்னும் ஆங்கில அறிஞர் சென்னைக்கு வந்தார். புரதங்களை எக்ஸ் கதிர்களால் ஆராய்வதில் முன்னோடி அவர். கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் எவருக்கும் பிடிபடாமல் இருப்பதை அவர் இராமச்சந்திரனிடம் எடுத்துரைத்தார். கொலாஜன் அரியதொரு பொருளன்று. நம் தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய அனைத்தையும் இழுத்துப் பிடித்து நிறுத்தும் கயிறு அதுவே. பாலூட்டி உயிர்களின் உடலிலுள்ள புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டது கொலாஜன். புரதங்களின் சுருள் அமைப்பை 1951 இல் உலகிற்கு உணர்த்திய லைனஸ் பாலிங் கூட, கொலாஜனுக்கு அவர் கூறிய அமைப்பில் தவறினார்.

ஆராய்வதற்குத் தூய கொலாஜன் வேண்டும். அதற்காக இராமச்சந்திரன் கடல் கடக்கவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வளாகத்திற்கு நடந்தால் போதுமானதாக இருந்தது. 1948 இல் தொடங்கப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் அவர் துறைக்கு அடுத்தே அமைந்திருந்தது. தோலைப் பதப்படுத்துவோர்க்குக் கொலாஜனே முதற்பொருள். கங்காருவின் வால் தசைநாணிலிருந்து எடுத்த நல்ல கொலாஜன் அந்நிலையத்தின் வழியாக அவருக்குக் கிடைத்தது. கங்காருவோ ஆஸ்திரேலியாவில் துள்ளித் திரிவது. அதன் வாலின் இரகசியம் வெளிப்பட்டதோ கிண்டியில்!

இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் அத்தசைநாணின் இழையை எக்ஸ் கதிரின் குறுக்கே நிறுத்திப் படமெடுத்தனர். அப்படத்தில் மூலக்கூற்றின் உருவம் விழுவதில்லை. சில புள்ளிகளும் சில வளைவுகளுமே விழும். அவற்றின் இடத்தையும் செறிவையும் கொண்டு மூலக்கூற்றின் வடிவை உய்த்துணர வேண்டும். கிணற்றில் எறிந்த கல்லைக் காணாமல், நீரில் எழுந்த அலைகளை மட்டும் கண்டு கல்லின் வடிவைக் கூறுவது போன்றது அது.

அவர்களுக்கு மற்றொரு குறிப்பும் கிடைத்திருந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் கோக்கப்பட்ட சங்கிலி. கொலாஜனில் அம்மணிகளுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதை வேதியியலார் கண்டிருந்தனர். அமினோ அமிலங்கள் அனைத்திலும் மிகச் சிறியது கிளைசின்; அதன் பக்கக்கிளை ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவே. மூன்றுக்கு ஒன்றாக இத்துணைச் சிறிய மணி ஏன் வரவேண்டும்? இவ்வினாவிலிருந்து விடை பிறந்தது. மூன்று சங்கிலிகள் அருகருகே நின்று ஒன்றையொன்று தழுவினால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது மணிதோறும் நடுவச்சினை நோக்கித் திரும்பும். நடுவிலே இடம் மிகக் குறுகியது. அங்கே கிளைசினைத் தவிர வேறெதற்கும் இடமில்லை.

இம்மூவிழை அமைப்பை அவர்கள் 1954 இல் லண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் வெளியிட்டனர். பின்னர் 1955 இல் அதனைத் திருத்தி, மூன்று சுருள்களும் நேராக நில்லாமல் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருக்கும் என்று காட்டினர். நிலவு உலகைச் சுற்றும்போது தன் ஒரே முகத்தை உலகிற்குக் காட்டிக்கொண்டு சுற்றுகிறது அல்லவா? அதுபோல ஒவ்வோர் இழையும் தன் கிளைசின் முகத்தை எப்போதும் நடுவச்சுக்கே காட்டிக்கொண்டு சுற்றுகிறது. கயிறு திரிப்பவர் மூன்று புரிகளை முறுக்குவதையும் ஈண்டு நினைக்கலாம். அந்நடுவச்சில் ஒரு கிளைசினுக்குப் பதிலாக வேறொரு பெரிய மணி புகுந்தாலும், எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் உண்டாகக் கூடும் என்பது பிற்காலத்தில் அறியப்பட்டது.

புகழ் வந்தது, உடனே எதிர்ப்பும் வந்தது. 1955 இலேயே கேம்பிரிட்ஜைச் சார்ந்த கிரிக்கும், அமெரிக்கரான ரிச்சும் தம் ஆய்வை வெளியிட்டனர். இரட்டைச் சுருளான டி.என்.ஏ. யின் அமைப்பை வாட்சனுடன் கண்டவர் இந்தக் கிரிக்கே. மூவிழை என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. ஆயின் சென்னை அமைப்பில் சில அணுக்கள் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கி நிற்கின்றன என்றனர். இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் மூன்று மணிகளுக்கு இரண்டு என்று இராமச்சந்திரன் கூறியிருந்தார். அவர்கள் ஒன்றே என்றனர். உலகப் புகழ்பெற்ற கூடத்திலிருந்து வந்த தீர்ப்பு அது. இளம் பேராசிரியர் ஒருவர் அதைக் கேட்டு வாயடைத்துப் போயிருக்கலாம். அன்றிச் சினந்து மறுப்புரை எழுதியே காலத்தைக் கழித்திருக்கலாம்.

இராமச்சந்திரனோ அடிப்படையான வினா ஒன்றை எழுப்பினார். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் எல்லையை வரையறுத்தவர் யார்? அவ்வெல்லை எந்தச் சான்றின்மேல் நிற்கிறது? இவ்வினாவுக்கு விடை காண, அதுவரை உலகில் வெளியான படிக ஆய்வுகளை எல்லாம் அவரும் அவர் மாணவர் சசிசேகரனும் துருவி ஆராய்ந்தனர். கார்பனுக்கும் கார்பனுக்கும், கார்பனுக்கும் ஆக்ஸிஜனுக்கும், நைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே இயற்கை உண்மையில் விட்டிருக்கும் இடைவெளிகளைத் தொகுத்தனர். பொதுவாகக் காணப்படும் எல்லை ஒன்று, அருகியேனும் காணப்படும் கடை எல்லை ஒன்று என இரண்டு வரம்புகளை வகுத்தனர். நெருக்கம் கூடாது என்று கூறப்பட்ட தொலைவுகளுள் சில இயற்கையிலேயே இருப்பது புலனாயிற்று.

தம் வழக்குக்குச் சான்று கிடைத்த அளவில் மற்றவர் நிறுத்தியிருப்பர். இராமச்சந்திரன் அதனோடு அமையவில்லை. கொலாஜனுக்கு மட்டுமன்றி எல்லாப் புரதங்களுக்கும் இவ்வரம்பு பொருந்துமே என்று எண்ணினார். அவர் எண்ணியதை மாணவர்கள் தம் கையைக் கொண்டே அறியலாம். முழங்கையைத் தோளிலிருந்தும் மணிக்கட்டிலிருந்தும் பிரித்து எண்ணுங்கள். எலும்புகள் வளைவதில்லை; மூட்டுகளே திரும்புகின்றன. மூட்டும் விரும்பிய திசையெல்லாம் திரும்புவதில்லை; ஓரளவுக்குமேல் திருப்பினால் கை உடலில் இடிக்கும். புரதச் சங்கிலியிலும் அவ்வாறே. ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய மூட்டுகள் இரண்டே. அவற்றின் கோணங்களுக்கு ஃபை, சை என்று கிரேக்க எழுத்துகளின் பெயர் வழங்குகிறது. இவ்விரு கோணங்களையும் அறிந்தால் சங்கிலியின் வளைவு முழுவதையும் அறிந்ததாகும்.

ஒரு கோணத்தைக் கிடையச்சிலும் மற்றொன்றை நிலையச்சிலும் குறித்து ஒரு சதுரம் வரைந்தார். சதுரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சங்கிலியின் அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கின்றனவா, இடிக்காமல் நிற்கின்றனவா என்று கணக்கிட வேண்டும். இன்றைய கணிப்பொறி அன்று அவர்களிடம் இல்லை. மேசைமேல் வைத்து இயக்கும் எண்பொறியைக் கொண்டு, அக்கணக்கின் பெருஞ்சுமையைச் சுமந்தவர் மாணவர் இராமகிருஷ்ணன். கணக்கு முடிந்தபோது, சதுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு சங்கிலி நுழையவே முடியாத பகுதி என்று தெரிந்தது. அனுமதிக்கப்பட்ட நிலம் தீவுகளைப்போல் சில இடங்களில் மட்டும் கிடந்தது. பாலிங் கண்ட சுருளும், மடிப்புத்தாள் போன்ற அமைப்பும், கொலாஜனின் மூவிழையும் அத்தீவுகளிலேயே குடியிருந்தன. இம்மூவர் பெயரால் இக்கட்டுரை 1963 இல் மூலக்கூற்று உயிரியல் இதழில் வெளிவந்தது. அப்படத்தை உலகம் இராமச்சந்திரன் வரைபடம் என்று அழைக்கிறது. எதிர்ப்புக்கு விடையாகத் தொடங்கிய வேலை, எதிர்த்தவர்களும் பயன்படுத்தும் பொதுக்கருவியாகி முடிந்தது.

அக்காலத்தில் கிண்டிக்கு உலக அறிஞர் பலர் வந்து கூடினர். 1963 இலும் 1967 இலும் புரத அமைப்பைப் பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகள் அங்கே நடைபெற்றன. படிகவியல், உயிர் இயற்பியல் துறை என்று அத்துறை பெயர் பெற்றது. துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் ஓய்வு பெற்றபின், 1970 இல் இராமச்சந்திரனும் சென்னையை விட்டு நீங்கிச் சிகாகோவிலும் பின்னர்ப் பெங்களூரிலும் பணியைத் தொடர்ந்தார். பெங்களூரில் மூலக்கூற்று உயிர் இயற்பியலுக்கென அவர் நிறுவிய பிரிவு இன்றும் நடைபெறுகிறது.

இதுவரை கூறியது எக்ஸ் கதிரின் வாயில். இனி மற்றை வாயிலைக் காண்போம்.

எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒரு பொருளின் உள்ளமைப்பை நிழலாகவே காட்டுகிறது. முன்னுள்ளதும் பின்னுள்ளதும் ஒரே தட்டையான படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். பொருளைப் பல கோணங்களில் சாய்த்துப் பல நிழல்களை எடுத்து, அவற்றிலிருந்து முப்பரிமாண உருவைக் கட்ட வேண்டும். டிரோசியர், குளூக் என்னும் இருவர் கேம்பிரிட்ஜில் 1968 இல் இதற்கு ஒரு வழி வகுத்தனர். ஃபூரியர் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் பெயரால் வழங்கும் நீண்ட கணக்கு அதற்கு வேண்டியிருந்தது. இராமச்சந்திரனும் அவர் மாணவர் இலட்சுமிநாராயணனும் 1971 இல் எளிய வழி ஒன்றைக் காட்டினர். நிழல்களை எடுத்த திசையிலேயே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் கிடைக்கும். ஆனால் மூடுபனி படர்ந்தாற்போல் மங்கலாகக் கிடைக்கும். பரப்புவதற்கு முன்பே, நிழலின் ஒவ்வொரு புள்ளியின் மதிப்பிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பில் குறித்த பங்குகளைக் கழித்துவிட்டால் பனி விலகிவிடும். கழிக்கவேண்டிய பங்குகளை அவர்கள் எண்களாகவே தந்தனர். மருத்துவமனைகளில் உடலின் உட்புறத்தைக் குறுக்குவெட்டாகக் காட்டும் சி.டி. படத்திற்கும் இம்முறை பயன்பட்டது. அவ்வெண் வரிசை அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளால் ராம்-லாக் வடிப்பான் என்று இன்றும் வழங்குகிறது.

ஆயினும் கணக்கு எத்துணைச் செம்மையாக இருந்தாலும், நிழலே பழுதாக இருந்தால் என் செய்வது? எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் உள்ளே காற்று இல்லை. வெற்றிடத்தில் வைத்த உயிர்ப்பொருளின் நீர் நொடியில் ஆவியாகி, அப்பொருள் சுருங்கிவிடும். மேலும், பார்க்க உதவும் எலெக்ட்ரான்களே பார்க்கப்படும் பொருளைச் சிதைத்துவிடும். விளக்கைக் கொளுத்தினால் தான் காணலாம். கொளுத்திய விளக்கே ஓவியத்தை எரித்துவிடும் என்பது போன்ற இடர் இது. குளிரே இதற்கு மருந்தாயிற்று. 1974 இல் அமெரிக்காவில் டெய்லர், கிளேசர் என்னும் இருவர், உறைந்த நீரோடு கூடிய புரதப் படிகத்தை நுண்ணோக்கியில் வைத்து அதன் ஒழுங்கு கெடாமலிருப்பதைக் காட்டினர். குளிர்ந்த பொருளில் எலெக்ட்ரான்களால் விளையும் சிதைவு மெல்லவே பரவும். வெப்ப நடுக்கமும் குறையும்.

பொருளைக் குளிரச் செய்து வைத்திருக்கும் தாங்கியை அமைப்பது எளிதன்று. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு செப்பு வலைத்தட்டின்மேல் பொருள் இருக்கும். தட்டைப் பிடித்திருக்கும் தண்டின் மறுமுனையில் திரவ நைட்ரஜன் நிறைந்த குடுவை இருக்கும். திரவ நைட்ரஜன் கழிவெண் 196 பாகையில் கொதிப்பது. அதன் குமிழிகள் எழும்போதெல்லாம் தண்டு அதிரும். அதிர்ந்தால் உருவம் கலங்கும். உலோகம் குளிரக் குளிரச் சுருங்கும். சுருங்கினால் பொருள் மெல்ல நகரும். ஓர் ஆங்ஸ்ட்ராமைக் காண விழையும்போது, மயிரிழையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும் படம் கெடும். இன்னும், உள்ளே எஞ்சிய சிறிதளவு நீராவி, குளிர்ந்த பொருளையே தேடிவந்து பனியாகப் படியும். அதனைத் தடுக்கப் பொருளுக்கு அருகே அதனினும் குளிர்ந்த உலோகத் தகடுகளை வைத்து, நீராவியை அவற்றில் படியச் செய்வர். இவ்விடர்களை ஒவ்வொன்றாக வென்று, ஜப்பானில் ஃபூஜியோஷியும் அவர் குழுவினரும் திரவ ஹீலியத்தால் கழிவெண் 269 பாகை வரை குளிரூட்டும் தாங்கியை அமைத்து 1991 இல் வெளியிட்டனர். உறைகுளிர் நுண்ணோக்கியை வளர்த்த டூபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் ஆகிய மூவருக்கு 2017 இல் வேதியியல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. 2020 இல் புரதம் ஒன்றின் அணுக்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் அளவுக்கு அக்கருவி வளர்ந்தது.

இத்தாங்கிகளுள் ஒன்றையேனும் இராமச்சந்திரன் செய்தவரல்லர். ஆனால் அவற்றின் வழியே கிடைக்கும் உருவங்கள் அவரிடம் வந்தே சேர்கின்றன. உறைகுளிர்ப் படங்களிலிருந்து ஒரு புரதத்தின் அமைப்பை வரைந்தவர், அதை உலகிற்கு அளிக்கும் முன் ஒவ்வொரு மணியின் ஃபை, சை கோணங்களையும் இராமச்சந்திரன் வரைபடத்தில் குறித்துப் பார்க்கிறார். புள்ளிகள் தீவுகளுக்குள் விழுந்தால் அமைப்பு நம்பத்தக்கது. கடலில் விழுந்த புள்ளி ஒவ்வொன்றுக்கும் காரணம் கூறவேண்டும். இயலாவிடின் திரும்ப வரைய வேண்டும். பல கோடி ரூபாய்க் கருவியின் முடிவை, மேசை எண்பொறியில் கணக்கிட்ட படம் ஒன்று சோதிக்கிறது.

இராமச்சந்திரன் 1977 இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கருநாடக இசையில் அவருக்கு ஈடுபாடு உண்டு. மெய்யியலையும் கணிதக் குறிகளால் ஆராய முயன்றார். கொலாஜன் வழக்கின் தீர்ப்பையும் அவர் வாழ்நாளிலேயே காண வாய்த்தது. கொலாஜனை ஒத்த சிறு மூலக்கூறு ஒன்றின் படிகத்தை அமெரிக்க அறிஞர்கள் ஆராய்ந்து 1994 இல் வெளியிட்டனர். முறுக்கிய மூவிழை அங்கே ஐயமின்றி நின்றது. நேர்ப்பிணைப்பு மூன்று மணிகளுக்கு ஒன்றே என்று கிரிக்கும் ரிச்சும் கூறியதும் சரியாக இருந்தது. இழைகளைச் சூழ்ந்து நீர் மூலக்கூறுகள் வலைபோல் பிணைத்திருந்தன. நீர் வழியாகப் பிணைப்பு உண்டாகலாம் என்பதை இராமச்சந்திரன் 1968 இலேயே கூறியிருந்தார்.

பிற்காலத்தில் நடுக்குவாத நோய் அவரைப் பற்றியது. 1998 இல் துணைவியார் இராஜலட்சுமி மறைந்தது அவரை மேலும் தளர்த்திற்று. 1999 இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் தன் உயரிய பரிசாகிய எவால்டு பரிசை அவருக்கு அளித்தது. 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் பேரவைக் கூடம், மூவிழைச் சுருள் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரைத் தாங்கி நிற்கிறது.